லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? பழங்கார் காட்சியகங்களில் மைலேஜ் விசாரணை பற்றிய ஒரு முன்னாய்வு

பழைய கார் ஒன்றின் முன் நிறுத்தப்பட்ட தமிழர் கேட்கும் முதல் கேள்வி அதன் வயதைப் பற்றியதன்று, விலையைப் பற்றியதன்று, வேகத்தைப் பற்றியதுமன்று. "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதே அது. வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தாலும், அதன் டேங்க் வறண்டு அரை நூற்றாண்டு ஆகியிருந்தாலும், கேட்பவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவராக இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை. இந்தக் கருதுகோளைக் கள ஆய்வின் வழி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நிறுவி யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள், நம் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்கியுள்ள ஆய்வேடுகளின் தலைப்புகளை ஒருமுறை புரட்டிவிட்டு வரவும்.

இத்துறையில் முன்னோடி நூல்கள் இல்லை. கார் வரலாறு எழுதியவர்கள் குதிரைத்திறனிலும் பந்தயக் கோப்பைகளிலும் பானட்டின் வளைவிலும் மயங்கி, அடிப்படைக் கேள்வியை ஓரங்கட்டிவிட்டார்கள். ஆகவே மரபிலக்கணத்தின் துணையோடு தொடங்குவதே பாதுகாப்பு. காட்சியகத் திணைக்கு முதற்பொருளில் நிலம், மெருகேற்றிய தரை. பொழுது, ஞாயிறு முற்பகல். கருப்பொருள்: கயிறு, விவரப் பலகை, கழுத்தில் தொங்கும் ஒலிவழிகாட்டி, 'தொடாதீர்கள்' என்ற எச்சரிக்கை, அதை மீறும் ஒரு சுட்டுவிரல். உரிப்பொருள்: மைலேஜ் கேட்டலும் கேட்டல் நிமித்தமும்.

களமும் தகவலாளரும்

கோவை அவிநாசி சாலையிலேயே ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்க, ஆய்வுக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வரை போவானேன் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆய்வாளருக்கு வேலை ஸ்டுட்கார்ட்டில். மாமனார் மாமியார் கோடைக்கு வந்து தங்கியதும் அங்கே. கள ஆய்வுகளில் முக்கால்வாசி இப்படித்தான் களம் கண்டடைகின்றன. எழுதும்போதுதான் கோட்பாட்டுக் காரணம் சேர்க்கப்படுகிறது. அதையும் சேர்த்துவிடுகிறேன்: கார் பிறந்த வட்டாரம் அது.

முதன்மைத் தகவலாளர் மாமா. சங்ககிரிக்காரர். கிளீனராக ஏறி, டிரைவராக உட்கார்ந்து, ஓனராக இறங்கியவர். முன்னால் போகும் லாரியின் புகை நிறத்தைப் பார்த்தே இன்ஜெக்டரில் கோளாறா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இரண்டாம் தகவலாளர் அத்தை. கார்களில் அவருக்கு ஆர்வம் இல்லை. கார்களில் போனவர்களிடம் உண்டு. ஆய்வின் பிற்பகுதியில் இது எவ்வளவு முக்கியமாகிறது என்பதை வாசகர் காண்பார்.

ஆய்வுக் களமான மெர்சிடஸ் பென்ஸ் அருங்காட்சியகம் 2006-ல் திறக்கப்பட்டது. யுஎன் ஸ்டுடியோ என்ற டச்சுக் கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. ஏறக்குறைய 47 மீட்டர் உயரம், உள்ளே 160 வண்டிகள். பார்வையாளரை முதலில் லிஃப்டில் உச்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து, ஒன்றையொன்று சுற்றி இறங்கும் இரண்டு சரிவுப் பாதைகளில் எதைப் பிடித்தாலும் கீழே வந்து சேரலாம். நடுவே எந்த இடத்திலும் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிக்கொள்ளலாம். உயிரணுவின் மரபு இழையைப் பார்த்துச் செய்த அமைப்பு என்று கட்டடக்கலை நிபுணர்கள் எழுதியிருக்கிறார்கள். மாமாவின் விளக்கம் சுருக்கமாக இருந்தது.

"மேல கரண்டுல ஏத்தி வுட்டுட்டு, எறக்கத்துல நியூட்ரல்ல வுடறானுங்க மாப்ள. நடக்கறவனுக்கும் மைலேஜ் பாத்திருக்கான்."

கட்டடத்தைப் பற்றி இதுவரை வந்த விமரிசனங்களில் இதுவே சுருக்கமானதும் சரியானதும் என்பது என் கருத்து. இதைச் சொல்ல அவருக்குத் தகுதியும் உண்டு. சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறான் என்று தெரிந்தால் அந்த டிரைவரை அடுத்த டிரிப்புக்கு ஏற்றமாட்டார். மனிதர்களை நியூட்ரலில் விடுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. மனிதனுக்கு ஏர் பிரேக் கிடையாது, இழக்க ஒன்றுமில்லை.

நின்றாலும் தின்னும் குதிரை

லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் நிற்பது கார் அல்ல, வெள்ளைக் குதிரை. நிஜக் குதிரையின் அளவுள்ள உருவம். கார் என்பது வந்து போகிற ஒரு மோகம், தமக்குக் குதிரையின் மீதுதான் நம்பிக்கை என்று ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் சொன்னதாக ஒரு வாசகத்தையும் அருகில் வைத்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சிரித்தார்கள்.

மாமா சிரிக்கவில்லை. பேரரசரின் கூற்றை அவர் செலவுக் கணக்கில் எடுத்துக்கொண்டார். குதிரைக்குக் கொள்ளு, புல், லாடம், வைத்தியம், லாயத்துக்கு ஓர் ஆள். இதெல்லாம் ஓடும் நாளுக்கு மட்டுமல்ல, ஓடாத நாளுக்கும். "நிக்கற வண்டி ஒண்ணும் குடிக்காது. நிக்கற குருதை தின்னும். ராசாவுக்கு வேற யாரோ தீனி போட்டிருக்காங்க, அதான் கணக்குத் தெரியல." ஆரம்ப கால மோட்டார் வண்டிகளை விற்றவர்கள் மருத்துவர்களிடமும் வியாபாரிகளிடமும் முன்வைத்த வாதமும் இதுதான்: சவாரி இல்லாத நாளில் செலவும் இல்லை. மைலேஜ் விசாரணையின் தோற்றுவாய் பெட்ரோலில் இல்லை, கொள்ளில் இருக்கிறது என்பது நம் முதல் கண்டுபிடிப்பு.

அடுத்த அடியில் 1886. கார்ல் பென்ஸ் அந்த ஆண்டு ஜனவரி 29-ல் விண்ணப்பித்துப் பெற்ற காப்புரிமை எண் 37435. வண்டிக்கு மூன்றே சக்கரம். ஒரு சிலிண்டர், 954 சி.சி., முக்கால் குதிரைத்திறன், மணிக்கு 16 கி.மீ. இங்கே நிற்பது நகல் வண்டி. அசல், மியூனிக் நகர டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது. நகல் என்றதும் மாமா கேட்டது: "அப்ப ஆர்.சி. புக் அவங்ககிட்டயா?" பிறகு முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்தார். இருக்கைக்குக் கீழே படுக்கை வாட்டத்தில் கிடக்கும் பெரிய ஃப்ளைவீலையும், அதிலிருந்து வரும் தோல் பட்டையையும், சைக்கிளுக்குப் போடுவது போன்ற செயினையும் கண்ணாலேயே வரிசையாகத் தொட்டு முடித்தார். முடித்தபின் வந்தது அந்தக் கேள்வி.

விடை உண்டு. நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 10 லிட்டர் என்பது நிறுவனத்தார் தரும் கணக்கு. அதாவது லிட்டருக்குப் பத்து.

"பத்தா? 1886-லயா? நம்ம அம்பாசிடர்ல ஏசி போட்டா பத்து வருமுங்களா?"

உலகின் முதல் கார் மாமாவின் மதிப்பில் தேர்ச்சி பெற்ற தருணம் இது. மோட்டார் வரலாற்றில் இது இதற்குமுன் பதிவாகாததால் இங்கே பதிவு செய்கிறேன்.

பெர்த்தா: தாய் வீட்டுக்குப் போன கணக்கு

முதல் நீண்ட தூரக் கார்ப் பயணம் பற்றி எல்லா நூல்களிலும் இருக்கிறது. 1888 ஆகஸ்ட். கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவர் தூங்கி எழுமுன் மகன்கள் ஆயிகன், ரிச்சர்ட் இருவரையும் கூட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பி, மான்ஹைமிலிருந்து தம் தாயார் இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம் ஓட்டிப் போனார். வண்டி விற்காமல் கணவர் மனம் தளர்ந்திருந்தார், ஊர் பார்க்கும்படி ஓட்டிக் காட்டினால்தான் வழி என்று அந்த அம்மாள் கணக்குப் போட்டார் என்பது வரலாற்றாசிரியர்களின் விளக்கம்.

நான் இதை ஒப்பித்து முடித்ததும் அத்தை முதன்முறையாக ஒரு வண்டியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"புருசன்கிட்டச் சொல்லாம, ரெண்டு பசங்களையும் இழுத்துக்கிட்டு, அம்மா ஊட்டுக்கா?"

"ஆமாங்க அத்தை."

"சண்டையா?"

சண்டை என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை என்றேன். ஆவணத்தை எழுதியவர் யார், அவர் புருஷன் பக்கத்து ஆளா என்று கேட்டார். மூல ஆவணத் திறனாய்வில் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

மைலேஜ் விசாரணைக்குப் பெர்த்தாவின் பயணம் ஒரு பொற்காலக் கல்வெட்டு. வண்டியில் எரிபொருள் பிடித்ததே நாலரை லிட்டர். லிட்டருக்குப் பத்து என்றால் நாற்பத்தைந்து கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். ஆகவே வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் நிறுத்தி லிக்ரோயின் வாங்கினார். கறை போக்கப் பாட்டிலில் விற்ற பெட்ரோலிய வகைச் சரக்கு அது. அந்த மருந்துக்கடையை உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். இக்னிஷன் கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையைப் பிடிக்கும் பட்டையைக் கழற்றிச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டார். கொதித்து ஆவியாகும் தண்ணீருக்காகக் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தினார். ஏற்றத்தில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். ஊர் திரும்பியதும், ஏற்றத்துக்கென்று தனியாக ஒரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார், அவரும் வைத்தார்.

மாமாவின் தீர்ப்பு: டிரைவர், கிளீனர், மெக்கானிக், ஓனர் நால்வரும் ஒரே ஆள், இந்த வண்டி நட்டப்பட வாய்ப்பே இல்லை. அத்தையின் தீர்ப்பு: ஏற்றத்தில் தள்ளிய பையன்களுக்கு வழியில் என்ன சாப்பிடக் கொடுத்தாள் என்று ஒரு பலகையிலும் போடவில்லை. இது மெய்யாகவே ஆய்வு இடைவெளிதான். வருங்கால ஆய்வாளர் எடுத்துக்கொள்ளலாம்.

டீசலின் முன் நெடுநேரம்

சில வண்டிகளை விரைந்து கடந்தோம். நைஸ் நகரில் இருந்த எமில் யெல்லினெக் என்ற வியாபாரி தம் மகளின் பெயரை 1901-ம் ஆண்டு வண்டிக்குச் சூட்டியதும், அதுவே நிறுவனத்தின் கார்களுக்கு நிலைத்த பெயரானதும் பலரும் அறிந்த கதை. அந்த மனிதர் பிறகு தம் பெயரோடும் மெர்சிடஸைச் சேர்த்துக்கொண்டார். மகள் பெயரை அப்பா இனிஷியலாகப் போட்டுக்கொண்ட அரிய வழக்கு.

மாமா வேர் விட்டு நின்ற இடம் 260 டி. 1936 பிப்ரவரியில் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமான டீசல் கார். தொடர் உற்பத்தியாக வந்த முதல் டீசல் பயணிகள் கார்களில் ஒன்று. நான்கு சிலிண்டர், 45 குதிரைத்திறன். பார்ப்பதற்கு எந்தச் சிங்காரமும் இல்லை. கறுப்பு, கனம், கடமை. பெட்ரோலில் ஓடும் இதே அளவு கார் நூறு கிலோமீட்டருக்கு 13 லிட்டர் கேட்டபோது இது ஒன்பது லிட்டர் சொச்சத்தில் முடித்துக்கொண்டது. டீசலின் விலையும் பெட்ரோலைவிடக் குறைவு. அந்நாளைய டாக்ஸிக்காரர்கள் விழுந்து விழுந்து வாங்கினார்கள் என்று நான் வாசித்துச் சொன்னதும் மாமா தலையாட்டினார். அது ஆமோதிப்பு அல்ல, அங்கீகாரம். தொழில் தெரிந்தவர்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பதற்கு அவருக்கு முன்னால் நான்கு சக்கரத்தில் சான்று நின்றது.

இவ்விடத்தில் ஓர் அளவையியல் சிக்கலைப் பேசியாக வேண்டும். ஜெர்மானியர்கள் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். நாம் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறோம். அவர்களுக்கு எண் ஏறினால் துக்கம், நமக்கு எண் ஏறினால் சுகம். ஒரே காரின் முன் ஒரே எண்ணைக் கேட்டு ஒருவர் வருந்தவும் மற்றவர் மகிழவும் கூடும் என்பதால், இரு நாட்டு நல்லுறவுக்கே இது பொருட்படுத்த வேண்டிய விஷயம். காரணம் என்னவென்று யோசித்துப் பார்த்தேன். ஜெர்மானியர் போக வேண்டிய ஊரை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு எவ்வளவு ஆகும் என்று பார்க்கிறார். நாம் பங்க்கில் நின்று "நூறு ரூபாய்க்குப் போடுப்பா" என்கிறோம். அது எதுவரை கொண்டுபோய் விடுகிறதோ அதுவே ஊர்.

இரண்டில் எது சரி? வருத்தத்தோடு சொல்கிறேன், கணிதப்படி ஜெர்மானியர் கட்சிதான் பலமானது. 2008-ல் லாரிக், சோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் இதை எழுதினார்கள். காலனுக்கு எத்தனை மைல் என்று பார்க்கும்போது மனிதர்கள் மிச்சத்தைத் தப்பாக மதிப்பிடுகிறார்கள் என்பது அவர்கள் முடிவு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால்: ஐம்பது கொடுக்கும் பைக்கை அறுபது கொடுக்கச் செய்தால் நூறு கிலோமீட்டருக்கு மிச்சம் மூன்றில் ஒரு பங்கு லிட்டர். மூன்றரை கொடுக்கும் லாரியை நான்கு கொடுக்கச் செய்தால் மிச்சம் மூன்றரை லிட்டருக்கு மேல். பைக்கில் பத்துக் கூடியதைவிட லாரியில் அரை கூடியது பத்து மடங்குக்கு மேல் லாபம்.

இதை நான் மிகுந்த ஆரவாரத்தோடு மாமாவுக்கு விளக்கினேன். செல்போனில் வகுத்தும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதானுங்க மாப்ள, அரைக்காகத்தான் டயருக்குக் காத்து பாக்கறது, ஏர் ஃபில்டர் தட்டறது, மேல தார்ப்பாய் படபடன்னு அடிக்காம இழுத்துக் கட்டறது. காரு வச்சிருக்கறவன் பத்து பத்தாக் கேப்பான். லாரிக்காரன் அரை அரையாக் கேப்பான்" என்றார். 'சயன்ஸ்' இதழின் மேற்படி கட்டுரை ஆசிரியர்கள் சங்ககிரி வந்து போனதாகத் தகவல் இல்லை.

மறுப்பும் விடையும்

இங்கே ஒரு மறுப்பு எழும். மைலேஜ் கேட்பது தமிழருக்கு மட்டும் உரியதா? மாருதி சுசுகி நிறுவனமே, எதைப் பார்த்தாலும் இந்தியர் இதைத்தான் கேட்பார்கள் என்று இந்தியில் ஒரு விளம்பர வரிசை எடுத்து ஓட்டவில்லையா? ஓட்டியது. அது வாங்குபவனின் கேள்வி. வாங்குபவன் கேட்பதில் சுயநலம் இருக்கிறது. காட்சியகத்தில் எந்த வண்டியும் விற்பனைக்கு இல்லை. விற்றாலும் வாங்க முடியாது. வாங்கினாலும் சங்ககிரியில் நிறுத்த இடமில்லை. அந்நிலையிலும் கேட்கப்படும் கேள்வியே பயன் கருதாத தூய அறிவு வேட்கை. நம் கருதுகோள் அதைப் பற்றியது மட்டுமே.

விற்பனைக்கு இல்லை என்று சொன்னதில் ஒரே ஒரு விலக்கு. 1955-ல் செய்த 300 எஸ்எல்ஆர் கூப்பே வண்டிகள் இரண்டே இரண்டு. பொறியாளர் ரூடால்ஃப் ஊலன்ஹவுட் அவற்றில் ஒன்றைச் சொந்த வேலைக்கு ஓட்டித் திரிந்ததால் அவர் பெயரே வண்டிக்கு நின்றுவிட்டது. இரண்டில் ஒன்றை 2022 மே மாதம் இதே கட்டடத்தில் வைத்து ஏலம் விட்டார்கள். 13.5 கோடி யூரோ. அதற்குமுன் எந்தக் காரும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை. ரூபாயில் ஆயிரம் கோடிக்கு மேல் என்றதும் அத்தை உட்கார இடம் தேடினார். மாமா இரண்டே விஷயம் விசாரித்தார்: எவ்வளவு ஓடியிருக்கிறது, எத்தனை ஓனர். செய்த கம்பெனியே அதுவரை வைத்திருந்தது என்றேன். "சிங்கிள் ஓனர். அப்ப வெலை கேக்கத்தான் செய்வான்."

அதன் அண்ணன் முறை வண்டி, 1954-ன் 300 எஸ்எல். கதவுகள் மேல்நோக்கிச் சிறகுபோல் திறக்கும். உலகம் முழுக்க அழகுக்காகக் கொண்டாடுகிறார்கள். காரணம் அழகல்ல. பாடிக்கு உள்ளே குழாய்களைப் பின்னிச் செய்த சட்டம் பக்கவாட்டில் உயரமாக நிற்கிறது. சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. ஏறுவதற்கு அந்த உயரமான விளிம்பின் மேல் உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே போட வேண்டும், ஸ்டியரிங்கையும் மடக்கிக்கொள்ள வேண்டும். "சீலை கட்டுனவ எப்படி ஏறுவா?" என்ற அத்தையின் கேள்விக்கு அந்தக் காலத்து விளம்பரப் படங்களிலும் விடை இல்லை.

மாமாவை இந்த வண்டி வேறு வகையில் தாக்கியது. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஏற்பாடு இதில் இருந்தது. பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவதால், சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் இன்ஜின் சுற்றி ஓயும்வரை பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். எரியாத பெட்ரோல் சுவரோரமாக வழிந்து இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடும். இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"ஆஃப் பண்ணுன பொறகும் குடிக்குதா?"

கயிற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டடி பின்வாங்கினார். காவலுக்கு நின்ற பெண், இவர் வண்டியின் முழு வடிவத்தையும் ரசிக்க விலகி நிற்கிறார் என்று நினைத்துப் புன்னகைத்தார்.

பிரபலங்களின் வண்டிகள் உள்ள கூடத்தில் அதிகம் நிற்கவில்லை. 1980-ல் ஜெர்மனி வந்த போப்பாண்டவருக்காகக் கண்ணாடிக் கூண்டு பொருத்திய ஜீப் வகை வண்டி இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற கார் மாதிரி ஃபர்ஸ்ட் கியரிலேயே ஊர்ந்தால் எதுவும் கொடுக்காது என்று மாமா கேட்காமலே சொன்னார். இளவரசி டயானா 1991-ல் வாடகைக்கு எடுத்து ஓட்டிய சிவப்பு 500 எஸ்எல் பக்கத்தில் நிற்கிறது. அரச குடும்பத்தவர் வெளிநாட்டுக் காரில் போவதா என்று பிரிட்டனில் எழுந்த முணுமுணுப்பால் அடுத்த ஆண்டே திருப்பிக் கொடுத்தார் என்பது பதிவு. "கட்டுப்படியாகல, திருப்பிட்டாங்க" என்பது மாற்றுக் கருதுகோள். இரண்டையும் பதிவு செய்துவிட்டு நகர்கிறேன்.

பிளிட்சன் பென்ஸ் என்ற மின்னல் வண்டியைச் சொல்லாமல் விட முடியாது. 1911-ல் டேட்டனா கடற்கரையில் மணிக்கு 228 கி.மீ. ஓடியது. நான்கே சிலிண்டர், மொத்தம் 21.5 லிட்டர், ஒரு சிலிண்டர் மட்டும் ஐந்து லிட்டருக்கு மேல். நம் லாரியின் முழு இன்ஜினே அவ்வளவுதான் என்றார் மாமா. மைலேஜ் கேட்கவில்லை. அதைக் கேட்டு அந்த வண்டியை அவமானப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

பென்ஸ் லாரி

காலையிலிருந்து அவர் கண் எதையோ தேடிக்கொண்டிருந்தது. சரக்கு வண்டிக் கூடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. 1954-ல் டாடாவின் டெல்கோ நிறுவனமும் டைம்லர் பென்ஸும் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தார்கள். 1969 வரை அந்த லாரிகளின் மூக்கில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் டாடாவின் 'டி' வந்தது. ஆனாலும் ஓட்டியவர்கள் வாயில் அது நெடுநாள் பென்ஸ் லாரியாகவே இருந்தது. மாமா கிளீனராக ஏறிய முதல் வண்டி நட்சத்திரம் வைத்தது.

நாங்கள் தேடிய வரையில் ஜாம்ஷெட்பூர் வண்டி கண்ணில் படவில்லை. ஆனால் போருக்குப் பிந்திய ஜெர்மன் லாரி ஒன்று, மூக்கு நீண்டு, பானட் இரு பக்கமும் உருண்டு, சாயலில் அதற்குப் பங்காளி என்று சொல்லும்படி நின்றது. அவர் நேராக முன்பக்கம் போகாமல் இடப்பக்கச் சக்கரத்தருகே போய் நின்றார். அது கிளீனர் நிற்கும் இடம். அங்கிருந்து பானட்டின் கொக்கி எந்த உயரத்தில் வருகிறது என்று தோளை வைத்துப் பார்த்தார். ரேடியேட்டர் மூடியை எந்தக் கையால் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்காது என்று எனக்குக் காட்டினார். இடக்கையில் சாக்குத் துணி, முகம் வலப்பக்கம். கழுத்தில் தொங்கிய ஒலிவழிகாட்டி தன் பாட்டுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

ஆய்வு நெறிப்படி நான் குறிப்பேட்டைத் திறந்து கேள்விக்காகக் காத்திருந்தேன். கேள்வி வரவில்லை. நேரே விடை வந்தது.

"நாலு குடுக்கும். ஏத்தம் வந்தா மூணு. டிரைவர் நல்லவனா இருந்தா நாலேகால்."

கருதுகோளுக்கு இது முரண் என்று தேர்வாளர் சொல்லக்கூடும். முரண் இல்லை. விடை தெரியாத வண்டிகளிடம் கேட்பதும், விடை தெரிந்த வண்டிக்குத் தாமே சொல்வதும் ஒரே ஒழுக்கத்தின் இரு துறைகள். கேட்டல் உரிப்பொருள், நாலேகால் என்பது நிமித்தம்.

நாங்கள் நின்று படித்த விவரப் பலகைகளில் சிலிண்டர், கொள்ளளவு, குதிரைத்திறன், உச்சவேகம் எல்லாம் இருந்தன, மைலேஜ் இல்லை. அருங்காட்சியகத்துக்கு இதை எழுதியிருக்கிறேன். கிலோமீட்டர் கணக்கில் போடுவதா லிட்டர் கணக்கில் போடுவதா என்று தகராறு வந்தால் இரண்டையும் போடலாம்.

அதைவிட அவசரமான வேண்டுகோள் வாசகர்களுக்கு. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரங்களில் பழைய லாரி ஓனர் வீட்டுப் பரண்களில் டிரிப் ஷீட்டுகளும் டீசல் கணக்கு நோட்டுகளும் இன்னும் கிடக்கின்றன. எந்த ஊருக்கு எந்த லோடு, எவ்வளவு டீசல், யார் டிரைவர் என்று தேதியோடு எழுதப்பட்ட அந்த நோட்டுகளுக்கு இணையான ஆவணத்தை ஸ்டுட்கார்ட்டில் நான் காணவில்லை. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அனுப்பி வைத்தால் கொரியர் செலவை ஆய்வாளர் ஏற்றுக்கொள்வார். கொண்டு வந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதையும் உறையின் மேல் குறிப்பிடவும்.